கொதிநீர்க் குழாய் சொட்டுகிறதா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டிஷ்யூ பேப்பரை எடுங்கள்

லண்டன் க்ராய்டனில் வீடு வாங்கிக் குடிவந்தபோது சமையலறை சிங்க்கில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்று வழக்கமானது. இன்னொன்றைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் அதைத் தொடவே பயந்தார். மறுநாள் "புளி ஊற வைக்க இதைவிட என்னடா வேணும்" என்று கெட்டிலை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

எட்டு மாதம் கழித்து சிங்க்குக்கு அடியில் உள்ள கதவைத் திறந்தால், சோப்புத்தூள் டப்பா தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஆறு வாரத்தில் ஒரு பிளம்பருக்கு 140 பவுண்டு கொடுத்தேன். வேறு மாடலுக்கான ரிப்பேர் கிட் ஒன்றை வாங்கினேன். சரியான இடத்தில் தப்பான ரப்பர் வளையத்தைப் போட்டேன். கடைசியில் வேலையை முடித்தது 9 பவுண்டு சாமானும் ஒரு சனிக்கிழமை மதியமும்தான். பிரிட்டனுக்குப் புதிதாக வந்து, இப்படி ஒரு குழாயோடு வீடு அமைந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. குழாய் யாருடையது?

வாடகை வீடா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். இங்கிலாந்தில் 1985-ம் ஆண்டு வீட்டு உரிமையாளர் - குத்தகைதாரர் சட்டத்தின் 11-ம் பிரிவுப்படி, வழக்கமான வீட்டு வாடகையில் தண்ணீர், மின்சாரம், சுடுநீர் தொடர்பான அமைப்புகளைப் பழுதுபார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. கசிவைப் படமெடுத்து அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னால் போதாது; தேதி போட்ட எழுத்து வேண்டும். சொல்லாமல் விட்டு அலமாரி ஊறிப்போனால், கணக்கு உங்கள் டெபாசிட்டில் வந்து நிற்கும்.

சொந்த வீடு, குழாயையும் நீங்களே வாங்கினீர்கள் என்றால் ரசீதைத் தேடுங்கள். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதலில் பதில் சொல்ல வேண்டியவர் உங்களுக்கு விற்ற கடைக்காரர். "கம்பெனியிடம் கேளுங்கள்" என்று அவர் கைகழுவ முடியாது. வாரன்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களே பிரித்தால் வாரன்டி போய்விடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்னைப் போல வீட்டோடு சேர்ந்து வந்த குழாய் என்றால், வீடு வாங்கியபோது சொலிசிட்டர் (பத்திர வேலை பார்த்த வழக்கறிஞர்) அனுப்பிய கட்டில் டி.ஏ.10 என்று ஒரு படிவம் இருக்கும். வீட்டில் எதை விட்டுப்போகிறார்கள், எதை எடுத்துப்போகிறார்கள் என்ற பட்டியல் அது. குழாய் அதில் இருக்கிறதா, கூடவே ரசீதோ கையேடோ வந்திருக்கிறதா என்று பாருங்கள். எனக்குக் கையேடு கிடைக்கவில்லை. ஆனால் சிங்க்குக்கு அடியில் இருந்து தண்ணீரைச் சூடாக்கும் டேங்கின் பக்கவாட்டில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருந்தது. அதை முதலிலேயே படமெடுத்திருந்தால் தப்பான கிட்டுக்கு 32 பவுண்டு போயிருக்காது. குழாயின் தோற்றத்தை வைத்து மாடலை ஊகிக்காதீர்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் குழாய்களுக்கு உள்ளே வளையங்களின் அளவு வேறு.

2. அழுத்த டேங்கா, திறந்த டேங்கா?

இது தெரியாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

அழுத்த டேங்க் வகையில் தண்ணீர் அடைபட்டே இருக்கும். நெதர்லாந்தின் குவூக்கர் நிறுவனத்தின் குழாய்கள் இந்த வகை. உள்ளே 108 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும். அடைத்து வைத்திருப்பதால்தான் 100-ஐத் தாண்டியும் ஆவியாகாமல் நிற்கிறது. நம் வீட்டு பிரஷர் குக்கர் மாதிரிதான். ஆவி அடங்காமல் குக்கர் மூடியில் கை வைப்போமா? இதிலும் அப்படித்தான். அழுத்தம் திடீரென்று விட்டால் தண்ணீரின் ஒரு பகுதி அந்த நொடியிலேயே ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

திறந்த டேங்க் வகையில் தண்ணீர் 100-க்குச் சற்றுக் கீழே இருக்கும், அழுத்தம் கிடையாது. குழாயின் வாய்வழியாக டேங்க் எப்போதும் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் திறப்பது சுடுநீர் அல்ல, டேங்குக்குள் போகும் குளிர்நீர். அது உள்ளே தள்ள, சுடுநீர் மேலே வழிந்து வருகிறது.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. டேங்குக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில் பித்தளையில் ஒரு பாதுகாப்பு வால்வும், அதிலிருந்து கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு சிறு ட்யூபும் போனால் அழுத்த வகை. வால்வு இல்லாமல், குழாயிலிருந்தே மெல்லிய ட்யூப்கள் டேங்குக்கு வந்துபோனால் திறந்த வகை.

3. டிஷ்யூ பரிசோதனை: சொட்டு எங்கிருந்து வருகிறது?

நான் தவறியது இங்கேதான். தண்ணீர் தேங்கிய இடத்தைப் பார்த்தேன், புறப்பட்ட இடத்தைப் பார்க்கவில்லை. 140 பவுண்டு வாங்கிய பிளம்பரும் பார்க்கவில்லை. அடியில் இருந்த இணைப்புகளை எல்லாம் முறுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மறுபடி குளம்.

முதலில் ஓர் எச்சரிக்கை: அலமாரிக்குள்ளேயே பிளக் பாயின்ட் இருக்கும். அது நனைந்திருந்தால் பிளக்கைத் தொடாமல், ஃபியூஸ் பாக்ஸில் சமையலறை ஸ்விட்சை அணையுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூவைச் சுற்றுங்கள். குழாயின் கழுத்து, அடிப்பகுதி, கீழே ஹோஸ் சேரும் இடங்கள், பாதுகாப்பு வால்வின் ட்யூப், டேங்கின் அடி. இரண்டு மணி நேரம் குழாயை வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். எந்த டிஷ்யூ முதலில் நனைகிறதோ அதுதான் குற்றவாளி. கீழே இருப்பது நனைவதற்கு மேலே இருப்பது காரணமாக இருக்கலாம் என்பதால் மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். ஊர் உப்புத் தண்ணீர்க் குழாய்களில் பார்த்திருப்பீர்களே, அதே போல நெடுநாள் கசிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். டார்ச் அடித்துத் தேடினால் டிஷ்யூவுக்கு முன்பே விடை கிடைத்துவிடும். கிளாஸ்கோவில் இருப்பவர்களுக்கு இந்தத் துப்பு கிடைக்காது. அங்கே லாக் கேட்ரின் ஏரியின் மென்னீர் வருகிறது.

பல கசிவுகள் கசிவே அல்ல. தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 100-க்குச் சூடாகும்போது ஏறக்குறைய 4 சதவீதம் விரிகிறது. நீங்கள் ஒரு லிட்டர் சுடுநீர் எடுத்தால், அந்த இடத்துக்கு வரும் குளிர்நீர் சூடாகும்போது 40 மில்லி அளவுக்குக் கூடுதலாகும். அழுத்த வகையில் அது பாதுகாப்பு வால்வின் ட்யூப் வழியாகச் சொட்டும். திறந்த வகைகள் சிலவற்றில் குழாயின் வாயிலிருந்தே சொட்டும். சூடாகி முடிந்ததும் சொட்டு நின்றால், உங்கள் குழாய் நலமாக இருக்கிறது. அந்த ட்யூப் கழிவுநீர்க் குழாயிலிருந்து கழன்று அலமாரிக்குள் தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அதை மறுபடி செருகினாலே சிலருக்கு வேலை முடிந்தது.

சந்தேகமாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரைத் திறந்தே வைத்து, ஓர் இரவு விடுங்கள். சூடு இல்லாதபோதும் சொட்டினால் அது வால்வு அல்லது வளையம் தேய்ந்த கசிவு. சூடேறும்போது மட்டும் சொட்டினால் விரிவு.

4. அணைக்கும் வரிசை

வரிசை மாறக் கூடாது.

முதலில் டேங்கின் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீரை இன்னும் மூடாதீர்கள். கொதிநீர்க் குழாயைத் திறந்து, வருவது முழுக்கக் குளிர்ந்த நீராகும் வரை ஓட விடுங்கள். 3 லிட்டர் டேங்குக்குப் பத்து லிட்டராவது ஓட வேண்டும். முதல் லிட்டர்கள் கொதிநீர்தான், கையை விலக்கி வையுங்கள். குழந்தைகள் சமையலறையில் வேண்டாம். குளிர்நீர் வந்தபிறகுதான் டேங்குக்குப் போகும் தண்ணீரை மூட வேண்டும். மூடியபின் மறுபடி கொதிநீர்க் குழாயைத் திறந்து மிச்ச அழுத்தத்தை விடுங்கள்.

நான் முதல்முறை தண்ணீரை முதலில் மூடிவிட்டேன். குளிர்நீர் தள்ளாவிட்டால் சுடுநீர் வெளியே வராது. அழுத்த டேங்குகள் பிளாஸ்க் மாதிரி வெப்பத்தைப் பிடித்துவைப்பதால், தானாக ஆறட்டும் என்று காத்திருந்தால் மறுநாளும் சுடும்.

மூடுவது எங்கே? குளிர்நீர்க் குழாயில் ஸ்க்ரூ தலை போன்ற வெட்டுள்ள சிறு வால்வு இருக்கும். வெட்டு குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது. குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. தட்டை ஸ்க்ரூடிரைவரால் கால் திருப்பு போதும். பழைய வால்வு அசையவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், உடைந்தால் வீடே நனையும். வீடு முழுவதற்கும் வரும் தண்ணீரை நிறுத்தும் ஸ்டாப் டேப்பை மூடுங்கள். பல வீடுகளில் அதுவும் சிங்க்குக்கு அடியில்தான் இருக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். வீடு வாங்கிய முதல் வாரத்திலேயே அது திரும்புகிறதா என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

கை சுட்டுவிட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் முதலில் தேடுவது பற்பசையைத்தான் என்பதால் சொல்கிறேன்.

5. சரிசெய்தல்

ஹோஸ் இணைப்பில் கசிவு

இதுதான் இருப்பதிலேயே எளிது. நட்டைக் கழற்றி உள்ளே உள்ள வாஷரைப் பாருங்கள். நசுங்கியோ வெடித்தோ இருந்தால் புதிது போடுங்கள். சில பென்ஸ் விலை. கையால் இறுகும் வரை திருகி, பிறகு ஸ்பேனரால் கால் திருப்பு. அதற்கு மேல் முறுக்கினால் வாஷர் கிழியும். இரண்டாவது ஸ்பேனரால் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செப்புக் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

ஊரில் எதற்கெடுத்தாலும் டெஃப்லான் டேப் சுற்றுவோம் (இங்கே கடையில் பி.டி.எஃப்.இ. டேப் என்று கேளுங்கள்). வாஷர் வைத்த இணைப்பில் அது தேவையில்லை. தண்ணீரை அடைப்பது வாஷர், மரை அல்ல. டேப்பைச் சுற்றினால் நட்டு முழுதாக உட்காராமல் கசிவு கூடும்.

குழாயின் கழுத்தில் அல்லது அடியில் கசிவு

என் வீட்டுக் கதை இதுதான். சுழலும் கழுத்துக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் குழாயின் உடலுக்குள்ளேயே இறங்கி, கல்மேடையின் துளை வழியாக அலமாரிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு துளி ஈரம்கூடத் தெரியவில்லை.

சிங்க்கின் ஓட்டையை மூடிக்கொண்டு ஆரம்பியுங்கள். கழுத்தின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் ஆலன் கீ (அறுகோண முனையுள்ள வளைந்த சாவி) வேண்டும். என் முதல் ஸ்க்ரூ கழிவுநீர்க் குழாய்க்குள் போய், அதைக் கழற்றி எடுப்பதில் அரை மணி போனது. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் போனில் ஒரு படம் எடுங்கள். ஸ்பேனரின் வாயில் துணி சுற்றிக்கொண்டால் குரோம் கீறாது.

பழைய வளையத்தைப் பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுங்கள். ஊசியோ கத்தியோ பள்ளத்தைக் கீறிவிடும், பிறகு எந்த வளையம் போட்டாலும் கசியும். பள்ளத்தில் படிந்த சுண்ணாம்பை வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியால் துடையுங்கள். கொதிநீரில் கரைக்க வேண்டாம். சூட்டில் சிட்ரிக் அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத வேறொரு வெள்ளைப் படிவாக மாறிவிடும். கறுப்பு, தங்க நிறப் பூச்சுள்ள குழாயின் வெளிப்புறத்தில் இந்தக் கரைசல் படவே கூடாது.

இனி, என்னை மூன்று வாரம் அலையவைத்த விஷயம். கடையில் கிடைக்கும் கலப்பு ஓ-ரிங் டப்பாக்களில் இருப்பவை பெரும்பாலும் நைட்ரில் ரப்பர். பார்க்கக் கறுப்பாக அதே மாதிரிதான் இருக்கும். கார் ஆயிலுக்கு அருமையானது. கொதிநீரில் நாளடைவில் கல்லாக இறுகிவிடும். நான் போட்டது 20 நாளில் மறுபடி சொட்டியது. கொதிநீருக்கு வேண்டியது ஈ.பி.டி.எம். ரப்பர் அல்லது சிலிகோன். குடிநீருக்கு ஏற்றது என்ற டபிள்யூ.ஆர்.ஏ.எஸ். அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சீரியல் எண்ணைச் சொல்லி உற்பத்தியாளரின் கிட்டையே வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. எனக்கு 9 பவுண்டு, வந்துசேர ஐந்து வேலைநாள்.

வளையம் வழுக்கி உட்கார வாசலின் தடவலாம் என்று தோன்றும். தடவாதீர்கள். ஈ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலியப் பொருள் பட்டால் ஊறி உப்பிப் போகும். உணவுத் தர சிலிகோன் கிரீஸ் ஒரு சிறு ட்யூப் 5 பவுண்டுக்குக் கிடைக்கும். பட்டாணி அளவு போதும், மீதி பத்து வருடத்துக்கு வரும்.

குழாயின் வாயில் சொட்டு

குழாயை மூடியபின் சில சொட்டு விழுவது வாயில் தங்கிய நீர். விடாமல் சொட்டினால் இரண்டு காரணங்கள். வாயில் உள்ள சல்லடையில் சுண்ணாம்பு அடைத்திருக்கலாம். அப்போது தண்ணீர் ஒழுங்காக வராமல் துப்பிக்கொண்டே வரும். சல்லடையைக் கழற்றி, மேலே சொன்ன வெதுவெதுப்பான கரைசலில் அரை மணி ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள். சல்லடை சுத்தமாக இருந்தும் சொட்டினால் உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்திருக்கிறது. அதைத் தனிப் பாகமாக மாற்ற முடியுமா என்று சீரியல் எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பிரியுங்கள். திறந்த வகையில் ஒருபோதும் குழாயின் வாயை அடைக்கவோ, அதில் ஹோஸ் மாட்டவோ கூடாது. டேங்க் மூச்சுவிடும் வழி அது ஒன்றுதான்.

பாதுகாப்பு வால்வு, டேங்க்

பாதுகாப்பு வால்வு இரவும் பகலும் விடாமல் சொட்டினால் உள்ளே அழுக்குச் சிக்கியிருக்கலாம், அல்லது தெருக் குழாயின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். டேங்க் ஆறிய நிலையில் வால்வின் குமிழைத் திருப்பி ஒருமுறை ஓட விட்டுப் பாருங்கள். நிற்கவில்லையா, வால்வை மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள். சொட்டுகிறதே என்று அந்த ட்யூபின் வாயை அடைப்பது குக்கரின் வெயிட்டை ஆணியடித்து வைப்பதற்குச் சமம்.

டேங்கின் உடலிலிருந்தே கசிந்தால் எம்-சீல், வெல்டிங் என்று யோசிக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடிவிட்டு, மாற்று டேங்க் விலையை விசாரியுங்கள்.

6. மறுபடி நிரப்புதல்

பிளக் இன்னும் வெளியிலேயே இருக்கட்டும். கொதிநீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே தண்ணீர் வால்வை மெதுவாகத் திறவுங்கள். முதலில் காற்றாகக் கக்கும், பிறகு சீராக ஓடும். சீரானபின் இரண்டு நிமிடம் ஓட விட்டு மூடுங்கள். காலி டேங்கில் மின்சாரம் கொடுத்தால் ஹீட்டர் கம்பி கருகிவிடும், வாரன்டியும் அதை ஏற்காது.

உலர்ந்த டிஷ்யூக்களை எல்லா இணைப்பிலும் மறுபடி சுற்றிவிட்டு, குளிர்நீரிலேயே ஒரு மணி நேரம் காத்திருங்கள். நனையவில்லை என்றால் பிளக்கைச் செருகுங்கள். சூடேறிய பின் இன்னொரு முறை பாருங்கள். குளிரில் பிடித்து நின்ற இணைப்பு சூட்டில் விட்டுவிடுவது உண்டு.

7. செலவு, நேரம், இன்சூரன்ஸ்

சரியாகச் செய்திருந்தால் எனக்கு ஆகியிருக்க வேண்டியது: கிட் 9, கிரீஸ் 5, ஆலன் கீ செட் 6, ஆக 20 பவுண்டு. ஆனது 220-க்கு மேல். நேரம் முதல்முறை மூன்று மணி. இரண்டாம் முறை, நைட்ரில் வளையத்தைத் தூக்கிவிட்டுப் போட்டபோது, நாற்பது நிமிடம்.

ஆளைக் கூப்பிடுவதானால் போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாடல் கொதிநீர்க் குழாயை இதற்கு முன் பிரித்திருக்கிறீர்களா, பாகம் கையில் வருமா, இரண்டாம் முறை வந்தால் மறுபடி காசா? என் பிளம்பர் நல்ல மனிதர்தான், பாய்லர் வேலையில் கெட்டிக்காரர் என்று பிறகு தெரிந்தது. இந்தக் குழாயை அவர் அன்றுதான் முதலில் பார்த்தார்.

வீட்டு இன்சூரன்ஸில் நீர்க்கசிவு என்று ஒரு பிரிவு இருக்கும். பொதுவாக அது தண்ணீரால் கெட்டுப்போன அலமாரிக்கும் தரைக்கும் கொடுக்குமே தவிர, கசிந்த குழாயைப் பழுதுபார்க்கக் கொடுக்காது. நம் கையிலிருந்து போக வேண்டிய முதல் தொகையையும் பாருங்கள். என் பாலிசியில் அது 350 பவுண்டு. உப்பிப்போன அலமாரிப் பலகையின் விலை 60. க்ளெய்ம் செய்யவில்லை. மாடி ஃபிளாட்டில் இருப்பவர்கள் மட்டும் காத்திருக்காமல் கீழ்வீட்டுக்காரரிடம் உடனே சொல்லிவிடுங்கள், அவர் கூரையில் கறை தெரிவதற்கு முன்.

கழற்றிய பழைய வளையத்தை எறியாமல் ஒரு சிறு கவரில் போட்டு, மாற்றிய தேதி, டேங்கின் சீரியல் எண், புது வளையத்தின் அளவு மூன்றையும் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். அம்மா அதன் பக்கத்திலேயே ஸ்டாப் டேப் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தன் கையெழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார்.